இரண்டு ஊசி, இரண்டு கோடு

பால் கருகிக்கொண்டிருந்தது. அடுப்புக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மைக்கம்மாவுக்கு அது தெரியவில்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தலையெல்லாம் நுரையோடு நின்ற அவள் கணவருக்குத் தெரிந்தது.

“என்னம்மா, வீட்டையே கொளுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டியா?” என்று துண்டோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

“ஏன், என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சா? தெரு முழுக்க நாறுது. உனக்கு மூக்கு இல்லையா?”

மூக்கு இருந்தது. இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. மைக்கம்மா கருகிய பாத்திரத்தை எடுத்து மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. கணவரின் சோப்புத் தலையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தாள். அதுவும் இல்லை. தரை துடைக்கிற பினாயில் பாட்டிலைத் திறந்து, மூக்குக்குள் கவிழ்த்துக்கொள்ளாத குறையாக வைத்துப் பார்த்தாள். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்குச் சோறு போடுவது ஒரு பழைய வேன், அதன் தலையில் இரண்டு ஸ்பீக்கர், மைக்கம்மாவின் குரல். துணிக்கடைத் தள்ளுபடியோ, சர்க்கஸோ, காணாமல் போன பூனையோ, அவள் பேசிப் பதிவு செய்வாள். கணவர் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு போய் ஒலிபரப்புவார். கொஞ்ச நாளாகச் சுகாதார அலுவலகத்தின் தடுப்பூசி அறிவிப்பு ஓடுகிறது. அவள் பேச்சைக் கேட்டு முக்கால்வாசி ஊர் ஊசி போட்டுக்கொண்டுவிட்டது. மசியாதவர்களில் முதல் ஆள் அவளுடைய சொந்த அண்ணன், எதிர்வீட்டுப் பூட்டுக்காரர்.

அவருக்குத்தான் முதலில் போட்டிருக்கவேண்டும். போன வருஷம் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, டாக்டர்களே உதட்டைப் பிதுக்கிய மனிதர். மைக்கம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பேசாமல்கூட இருந்து பார்த்தாள். கடைசியில் நிறைமாதமாக இருக்கும் அவருடைய மகள், “ஊசி போடாம எம் பிள்ளையத் தொடலாம்னு நினைக்காதீங்கப்பா” என்று சொன்ன பிறகுதான் மனிதர் இறங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் நடக்கிற முகாமுக்கு இன்று கடைசி நாள்.

இப்படிப்பட்ட நாளில்தான் மைக்கம்மாவின் மூக்கு வேலைநிறுத்தம் செய்தது.

சுகாதார அலுவலகம் கொடுத்திருந்த பரிசோதனைப் பெட்டி வீட்டிலேயே இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு குச்சியை மூக்கில் விட்டுக்கொண்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவருக்கு ஒரு கோடு. அவளுக்கு இரண்டு.

“ரெண்டு ஊசிக்கு ரெண்டு கோடு. கணக்கு சரியாத்தான் இருக்கு” என்றார் வேன்காரர்.

அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

மைக்கம்மாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. தெருவே பார்க்க முதல் ஆளாகக் கையை நீட்டியவள் அவள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். “ரெண்டும் போட்டிருக்கீங்கல்ல, பயப்படாதீங்க. இப்ப போட்டவங்களுக்கும் வருது, பெரும்பாலும் லேசாவே போயிடுது. தனியா இருங்க. மூச்சு வாங்கினா உடனே கூப்பிடுங்க” என்றார் அவர். அவர் சொன்னது ஆறுதலாகத்தான் இருந்தது. அவளுக்குக் குத்தியது வேறு.

சுகாதார அலுவலர் எழுதிக் கொடுத்த அறிவிப்பும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. ‘தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்கும், ஆஸ்பத்திரியில் சேரும் நிலை வராமல் பெரும்பாலும் காக்கும்.’ மைக்கம்மா அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தாள். குறைக்குமாம், பெரும்பாலுமாம். இப்படிப் பேசினால் தள்ளுபடியில் ஒரு கைக்குட்டைகூடப் போகாது. அதனால் கைவந்த வித்தையைக் காட்டினாள்.

‘ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டேன். இனிமே கிருமி என் வாசப்படியைக்கூட மிதிக்காது. அப்ப நீங்க?’

அந்த ‘அப்ப நீங்க?’ ஊரெல்லாம் பரவிவிட்டது. பேருந்தில் இடம் பிடிப்பவர்கள்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். இன்று கிருமி வாசப்படியை மிதித்து, உள்ளே வந்து, அவள் மூக்கில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

“மச்சான்கிட்ட சொல்லிடலாமே” என்றார் வேன்காரர்.

“சொல்லுங்க. போட்டவளுக்கே வந்திருச்சு, எனக்கு எதுக்குன்னு போய்ப் படுத்துக்குவார். நாளைக்கு முகாம் வேற ஊருக்குப் போயிடும். அங்க எழுந்து போற ஆளா அவரு? முதல்ல ஊசி உள்ள இறங்கட்டும். அப்புறம் நானே சொல்றேன்.”

“கூட வந்து கையப் பிடிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கியே. நீ எங்கேன்னு கேப்பாரே.”

“பதிவு நடக்குதுன்னு சொல்லுங்க.”

அவர்கள் வீட்டில் ஸ்டூடியோ என்பது சாமான் அறைதான். சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி, கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருந்தார்கள். பல்பு எரிந்தால் யாரும் கதவைத் தட்டக்கூடாது. மைக்கம்மா ஒரு தலையணை, வெந்நீர் பிளாஸ்க், போன் இவற்றோடு உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். பல்பு எரிந்தது.

வேன்காரர் நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு குறை, பொய் சொன்னால் காது சிவந்துவிடும். பூட்டுக்காரர் வந்தபோதே அது சிவக்கத் தொடங்கிவிட்டது.

பூட்டுக்காரர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். இடது கைச் சட்டையைத் தோள் வரைக்கும் இப்போதே சுருட்டிவிட்டிருந்தார். இரும்புக் கம்பியை வளைத்துச் சாவி செய்கிற மனிதருக்கு ஊசியைக் கண்டால் தொடை நடுங்கும். அது தங்கைக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

“பாப்பா எங்க மாப்ளே?” நாற்பதைத் தாண்டிய தங்கையை அவர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார்.

“பதிவு மச்சான். அவசர வேலை. பல்பைப் பாருங்க” என்று வேன்காரர் நாலு அடி தள்ளி நின்றே சொன்னார்.

“என்னோட வரேன்னாளே.”

அந்த நேரம் பார்த்து உள்ளே மைக்கம்மாவுக்கு இருமல் வந்தது. தலையணையை வாயில் அழுத்திக்கொண்டாள். அப்படியும் மெத்தைகளைத் தாண்டி வெளியே கேட்டுவிட்டது.

“யாரு இருமினது?”

வேன்காரரின் காது பழுத்துவிட்டது. “விளம்பரம் மச்சான். இருமல் மருந்து விளம்பரம்.”

உள்ளே மைக்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “இருமலால் அவதியா? கவலை வேண்டாம்” என்று உரக்கச் சொல்லி, நடிப்புக்காக ஒரு தடவை இருமினாள்.

“இது சரியில்ல. முன்னாடி இருமினதுதான் நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை இருமச் சொல்லுங்க” என்றார் பூட்டுக்காரர்.

“ஏம்மா, மச்சான் இன்னொரு தடவை கேக்கறாரு.”

மைக்கம்மா இருமினாள். நடிப்பில் தொடங்கியது நிஜத்தில் மாட்டிக்கொண்டது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. இருமி இருமிக் கண்ணில் நீர் வழிந்து, பிளாஸ்க்கைத் தேடி இரண்டு மடக்குக் குடித்த பிறகுதான் ஓய்ந்தது. ‘இந்த மருந்தை எந்த மடையன் வாங்குவான்’ என்று அவளுக்கே தோன்றியது.

வெளியே காலடிச் சத்தம் கதவுவரை வந்து திரும்பியது. அப்புறம் பூட்டுக்காரர், “சரி, நான் சைக்கிள்ல போறேன். நீங்க வேனை எடுத்துக்கிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

மைக்கம்மா மெத்தையில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். அண்ணனை ஏமாற்றிவிட்டோம் என்பதில் நிம்மதி பாதி, ஏமாற்றிவிட்டோமே என்பதில் வருத்தம் பாதி.

சிறிது நேரத்தில் தூரத்தில் அவளுடைய குரலே கேட்டது. தேனில் ஊறவைத்து எடுத்த குரல். ‘இனிமே கிருமி என் வாசப்படியைக்கூட மிதிக்காது. அப்ப நீங்க?’ திருப்பத்தில் ஒரு தடவை, பள்ளிக்கூட வாசலில் ஒரு தடவை. ஒவ்வொரு ‘அப்ப நீங்க?’வுக்கும் இவள் ஒரு இருமல் இருமினாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அறிவிப்பு ஓடுவது வேன்காரரின் போனிலிருந்து. போனை ஒயரில் மாட்டி ஸ்பீக்கரோடு சேர்த்திருப்பார். அந்த நேரத்தில் யாராவது அவரைக் கூப்பிட்டால், கூப்பிடுகிறவர் பேசுவதெல்லாம் ஸ்பீக்கரில் வரும். ஒருமுறை அவருடைய அத்தை கூப்பிட்டு, “மூலத்துக்குக் குடுத்த தைலத்தைத் தடவினியா?” என்று கேட்டதைச் சந்தையே கேட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. குரல் ஓடும்போது வேன்காரரை யாரும் கூப்பிடக்கூடாது.

மைக்கம்மாவின் போன் அடித்தது. அண்ணனின் எண்.

“நான்தான் பேசறேன்” என்று கிசுகிசுத்தது கணவரின் குரல். “என் போன் ஸ்பீக்கர்ல மாட்டியிருக்கு. மச்சான் போனை வாங்கிப் பேசறேன். விஷயம் கெட்டுப் போச்சு.”

“ஊசி போட்டாச்சா?”

“எங்க போட? கிட்டத்தட்ட அவர் முறை வந்திருச்சு. அப்பப் பாத்து நம்ம வேன்லேருந்து உன் குரல். உடனே நர்ஸைக் கேட்டாரு, வாசப்படிகூட மிதிக்காதாமே, நிஜமான்னு. அந்தப் பொண்ணு பாவம், அறிவிப்புலதான் சொல்றாங்களே, கைய நீட்டுங்கன்னுச்சு. புடிச்சுக்கிட்டாரு.”

“என்னன்னு?”

“‘தொறக்கவே முடியாத பூட்டுன்னு எவனாவது சொன்னா, அவன் பூட்டு விக்கலை, பொய் விக்கிறான். நான் பூட்டு செய்யறவன், எனக்குத் தெரியாதா?’ன்னு ஒரே பேச்சு. வரிசையை விட்டு எழுந்து வந்து சைக்கிள் பக்கத்துல நிக்கறாரு. வீட்டுக்குப் போறேங்கறாரு. பின்னாடி நின்ன நாலஞ்சு பேரும் முழிக்கறாங்க.”

அண்ணன் சாக்கு சொல்கிறாரா, நிஜமாகவே அப்படி நினைக்கிறாரா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் அவரை வாசல்வரை கூட்டிவந்து விரட்டியது அவள் குரல்தான். ஊசியைக் கூவிக் கூவி விற்று, கடைசியில் சொந்த அண்ணனுக்கு இல்லாமல் செய்துவிட்டாள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்த அவருடைய நெஞ்சு கண்முன் வந்தது. மறுபடி அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

“மச்சான்கிட்ட போனைக் குடுக்கவா? நீயே பேசறியா?”

“குடுங்க” என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அண்ணன் காதில் மட்டும் உண்மையைச் சொல்வது, ஸ்பீக்கரில் ஊருக்கெல்லாம் அதே பொய்யா? அந்த நாலைந்து பேருக்கும் வீட்டில் தங்கைகள் இருப்பார்கள்.

“வேண்டாம். நீங்க வேன்கிட்ட போய் நில்லுங்க.”

“எதுக்கு?”

“நில்லுங்கன்னா நில்லுங்க.”

இணைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டுச் சட்டத்தை முதல்முறையாக வேண்டுமென்றே மீறினாள். கணவரின் எண்ணை அழுத்தினாள்.

பள்ளிக்கூடப் பக்கம் அவளுடைய தேன்குரல் ‘கிருமி என் வாச’ என்பதோடு நின்றது. அடுத்து தீயணைப்பு வண்டியின் சைரன் அலறியது. பெண்டாட்டி கூப்பிட்டால் அடிப்பதற்கென்று வேன்காரர் வைத்திருந்த சத்தம் அதுதான். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். அவர் பாய்ந்துபோய் எடுத்தார்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றாள். சரளைக்கல் மேல் தகரத்தை இழுத்த மாதிரி இருந்தது குரல். “அப்ப நீங்கன்னு கேட்டது நான்தான். வாசப்படியை மிதிக்காதுன்னு சொன்னேன். மிதிச்சிருச்சு. உள்ளயும் வந்திருச்சு. காலைலதான் தெரிஞ்சுது. எழுதிக் குடுத்தவங்க அப்படி எழுதலை. போட்டுக்கிட்டாலும் வரலாம், ஆனா பெருசா படுத்தாம, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமப் பெரும்பாலும் காப்பாத்தும்னுதான் எழுதினாங்க. கேக்க எடுப்பா இல்லன்னு நானா மாத்திட்டேன். தள்ளுபடி பேசிப் பேசி வந்த புத்தி. மன்னிச்சுக்குங்க.”

அப்போது பார்த்து இருமல். இரண்டு ஸ்பீக்கரில் அந்த இருமல் இடி இடித்த மாதிரி கேட்டு, கூரையிலிருந்த பறவைகள் பறந்தன.

யாரோ போனைப் பிடுங்குவது கேட்டது.

“பாப்பா” என்றார் பூட்டுக்காரர். அவர் பேசியது அவளுக்கு மட்டும் கேட்டது. அவள் பேசியது ஊருக்கே கேட்டது.

“அண்ணே.”

“மூச்சு வாங்குதா?”

“இல்லண்ணே.”

“மாடிப்படி ஏறிப் பாத்தியா?”

“காலைலயே பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. காய்ச்சல்தான் லேசா இருக்கு. மூக்கு சுத்தமாப் போயிருச்சு.”

“அப்ப திருடன் வாசப் பூட்டைத் தொறந்துட்டான். அலமாரிப் பக்கம் போகலை.”

“டாக்டரம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க. இதுவரைக்கும் போகலை.”

“காலைல இருமினது விளம்பரம் இல்லல்ல?”

“இல்ல.”

“எனக்குத் தெரியும். சின்னதுல நீ இருமுற ராத்திரியெல்லாம் நெஞ்சைத் தடவி விட்டது யாரு? உன் இருமல் எனக்குத் தெரியாதா?” அவர் குரல் உடைந்தது. “எங்கிட்டயே மறைக்கறா, அப்ப பெருசா ஏதோ இருக்குன்னு நினைச்சேன். வரிசைல நிக்க முடியலை. பூட்டு அது இதுன்னு வாய்க்கு வந்ததைப் பேசிட்டு எழுந்துட்டேன். வீட்டுக்கு வந்து கதவை உடைச்சாவது உன்னைப் பாத்துடணும்னு.”

மைக்கம்மாவால் தாங்க முடியவில்லை. அழுதாள், அழுகையோடு சிரித்தாள். “நீங்க ஏண்ணே உடைக்கணும்? அந்தப் பூட்டே நீங்க போட்டதுதானே.”

அண்ணன் பேசியது கேட்காத ஊருக்கு இந்த வரியும் கேட்டது. எதற்கென்று புரியாமலே நாலு பேர் சிரித்தார்கள்.

“ஒயரைக் கழட்டிட்டு, போனோட போய்க் கைய நீட்டப் போறேன்” என்றார் அண்ணன். “போனை வெச்சிடாதே.”

“வெக்கலை. கண்ணை மூடிக்குங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி அவளுக்குத் தெரிந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் அண்ணனின் மூச்சு மட்டும் கேட்டது. “எப்பங்க போடுவீங்க?” என்று அவர் கேட்க, “போட்டு முடிச்சு பஞ்சும் வெச்சாச்சு, எழுந்திருங்க” என்றாள் நர்ஸ்.

இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். மற்றவர்கள் நின்றார்கள். சுகாதார அலுவலர் மத்தியானம் போன் போட்டார்.

“நான் எழுதிக் குடுத்ததுக்கு என்னம்மா குறை?”

“கேக்க எடுப்பா இல்ல சார்.”

“குரல் வந்ததும் அதையே பேசிக் குடுங்க. ஒரு எழுத்து மாத்தக்கூடாது” என்றார்.

சாயங்காலம் மைக்கம்மா படுக்கையறைக்கு மாறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் அண்ணன் வந்து நின்றார். சுருட்டிய சட்டைக்கையை அவர் இன்னும் இறக்கவில்லை. பஞ்சு ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டி, “நான் போட்டுக்கிட்டேன். அப்ப நீங்க?” என்றார்.

“போதும்ணே. மானத்தை வாங்காதீங்க.”

“பொண்ணுகிட்ட சொன்னேன். ஒரு ஊசி போதாதாம். ரெண்டாவதும் போட்டு ரெண்டு வாரம் ஆகணுமாம். அதுக்குள்ள பேரப்புள்ள எழுந்து நடந்து இங்கயே வந்துடும்.” அலுத்துக்கொண்டாலும் முகமெல்லாம் பெருமை. அவரைப் பார்க்கப் பார்க்க மைக்கம்மாவுக்கு நெஞ்சு நிறைந்தது. எத்தனையோ சரக்கை விற்றிருக்கிறாள். எதை விற்றும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பூட்டுக்காரர் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தார். “பாப்பா, உங்க வீட்ல என்னமோ கருகுதே.”

“அவர்தான் பால் காய்ச்சறாரு.” அவள் திரும்பி, சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “என்னங்க, பாலைப் பாருங்க.”

“பாலுக்கு என்ன? நான் அடுப்புகிட்டயேதான் பாத்திரம் துலக்கிட்டு நிக்கறேன்” என்றார் வேன்காரர்.

“கருகுதாம். அண்ணனுக்கு அந்த வீடு வரைக்கும் நாத்தம் அடிக்குதாம்.”

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் பினாயில் பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம். “வெறும் தண்ணி மாதிரி இருக்கே” என்றார் வேன்காரர்.

மைக்கம்மா மெல்ல எதிர்வீட்டைப் பார்த்தாள். அண்ணன் கையை இன்னும் இறக்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு வேன்காரரின் போன் வெகுநேரம் அண்ணனின் வாயருகேதான் இருந்தது.